வழக்கு எதுவும் இல்லாமல் வாசலுக்கு வந்த காவலர்கள்

திருவனந்தபுரம் சாலை பஜாரிலிருந்து ஒரு கடைக்காரர்:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாலை பஜாரில் பாத்திரக் கடை நடத்தி வருகிறது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான இந்தக் கடைத்தெருவில் இன்றும் மலையாளம் சரளமாக வராத ஒருவர் காலை முதல் மாலை வரை கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். காவல் நிலையத்தின் படியேறும்போது மட்டும் அந்தத் தைரியம் எங்களுக்கு இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில், நகரின் இன்னொரு மூலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சீருடையில் ஒரு காவலர் வந்தார். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா நடுங்கிப் போய், "யார் மேல் சார் கேஸ்?" என்று கேட்டார். "கேஸ் ஒன்றும் இல்லை அம்மா, வெறுதே பரிசயப்பட வந்தேன்" (சும்மா அறிமுகமாகிக்கொள்ள வந்தேன்) என்று பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலுமாக அவர் சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவார். எதிர்வீட்டு ஜன்னல்கள் மட்டும் அன்று மாலை வரை எங்களை நம்பவில்லை.

அவர் ஜனமைத்ரி, அதாவது மக்கள் நட்புக் காவல் திட்டத்தின் பீட் அலுவலர். கேரளக் காவல்துறை 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் தொடங்கிய திட்டம் அது. ஏறக்குறைய 500 வீடுகளை ஒரு பீட்டாகப் பிரித்து ஒரு காவலரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையாவது நேரில் தெரிந்து வைத்திருப்பது அவருடைய கடமை. வீட்டில் எத்தனை பேர், பகலில் தனியாக இருக்கும் முதியவர் உண்டா, வெளியூர்க்காரர் யாரும் வாடகைக்கு இருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு இடது காது மந்தம் என்பதையும் அழைப்பு மணி அவருக்குக் கேட்காது என்பதையும் அவர் அன்றே கவனித்திருக்க வேண்டும். அடுத்த முறையிலிருந்து நேராகச் சமையலறை ஜன்னலுக்கு வந்து கம்பியில் தட்டுவார்.

அடுத்த ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன், கடைத்தெருவின் பின்சந்தில் சில பையன்களோடு சேர்ந்து பாக்குப் பொட்டலம் வாங்கப் பழகியிருந்தான். குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2012 முதல் கேரளத்தில் தடை இருந்தும், அந்தச் சந்தில் அவை கிடைக்காத நாள் இருந்ததில்லை. ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் அந்தக் காவலர் சாதாரண உடையில் வந்தார். ஒரு தூக்குவாளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, வேலையாள் உள்ளே போகும்வரை காத்திருந்து, அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். பையனுடைய பெயரை அவர் எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. விற்றவன் யார் என்று மட்டும் பையனிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினார். கேட்டுச் சொன்னோம். அதற்குப் பிறகு எத்தனை நாள் அந்தச் சந்து சுத்தமாக இருந்தது என்பது வேறு கதை. எங்கள் பையன் தப்பித்தான். தூக்குவாளிக்கு அப்பா பணம் வேண்டாம் என்றதையும் அவர் ஏற்கவில்லை.

அவருக்கு மாறுதல் வந்தபோது எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். புதிதாக வந்தவர் மணியை அழுத்திப் பார்த்துவிட்டு, வீடு பூட்டியிருந்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அம்மா அப்போது உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குறிப்பேடு கைமாறியது, ஜன்னல் கம்பியில் தட்ட வேண்டும் என்ற விவரம் மட்டும் கைமாறவில்லை. உங்களில் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாறசாலை பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

உங்கள் அனுபவத்தைப் படித்தபோது எங்கள் பள்ளியின் மாணவர் காவல் படையைப் பற்றி எழுதத் தோன்றியது. எஸ்.பி.சி. என்று எல்லோரும் சொல்லும் ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் திட்டம் 2010 ஆகஸ்டு 2 அன்று கேரளத்தில் 127 பள்ளிகளில் தொடங்கியது. அதை வடிவமைத்ததில் ஐ.பி.எஸ். அதிகாரி பி. விஜயனுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-இல் அது தேசிய அளவிலும் அறிமுகமானது. ஓர் அணிக்கு 44 பேர், சரிபாதி பெண் பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் சேர்த்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி. பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பு. அணிவகுப்பும் உடற்பயிற்சியும் கற்றுத்தர உள்ளூர் நிலையத்திலிருந்து காவலர்கள் வருகிறார்கள். இவையெல்லாம் சுற்றறிக்கையிலேயே இருக்கும்.

நான் சொல்ல வந்தது களியக்காவிளையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் ஒரு மாணவியைப் பற்றி. படைக்கு ஆள் எடுக்கும் எழுத்துத் தேர்வில் மலையாளம் அவளைக் காலை வாரியது. ஓட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பட்டியலின் கடைசி இடத்தைப் பிடித்தாள். அவளுடைய தந்தை என்னிடம் வந்து, "டீச்சர், இவளைப் போலீசுக்குத் துப்புச் சொல்கிற ஆளாக ஆக்கிவிடுவார்களோ?" என்று கேட்டார். கேடட்டுக்குக் காவல் அதிகாரம் ஏதும் கிடையாது, அது பயிற்சி மட்டுமே என்று விளக்கி அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் முகாமில், பேருந்தில் தினமும் ஒருவன் உரசிக்கொண்டு நிற்பதை அவள் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, தன் தாயிடமும் சொல்லவில்லை. பயிற்சி தரும் பெண் காவலரிடம் சொன்னாள். சற்று வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வாரந்தோறும் ஒரே மைதானத்தில் வெயிலில் நிற்கும் இருவருக்கு இடையே உருவாகும் பழக்கம் வகுப்பறையில் உருவாவதில்லை போலும். அந்தப் பெண் காவலர் ஒரு திங்கட்கிழமை காலை சுடிதார் அணிந்து அதே பேருந்தில் ஏறினார். ஆளை அடையாளம் கண்டாயிற்று. ஆனால் அவன் ஏறுவதும் இறங்குவதும் எல்லைக்கு அந்தப் பக்கம். நம் ஊரில் எல்லை என்பது ஒரே சாலையில் ஒரு பலகை மட்டுமே என்றாலும், காவல் எல்லை பலகையோடு நின்றுவிடுகிறது. அவர் அந்தப் பக்கத்து நிலையத்துக்கு அன்றே தொலைபேசியில் பேசி, மறுநாள் நேரிலும் போய் வந்தார். அதன் பிறகு அவன் அந்தப் பேருந்தில் வரவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதற்காக 2020-இல் காவல்துறை 'சிரி' என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியபோது, அதை வீடு வீடாகச் சொன்னவர்களுள் எங்கள் கேடட்டுகளும் இருந்தார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழ் வீடுகளில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கத்தில் ஜனமைத்ரிக்கு முன்னோடியாக, பொதுமக்கள் காவலருக்குத் துணையாகப் போகும் காவல் நண்பர்கள் குழு இருந்தது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில், அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அதைத் தொடங்கினார். நானும் சில காலம் அதில் இரவு ரோந்துக்குப் போயிருக்கிறேன். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை அடுத்து, 2020 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. எனக்குப் படுகிற வேறுபாடு இதுதான்: காவல் நண்பர்கள் குழுவில் பொதுமக்களில் சிலர் காவலரோடு போய் நின்றார்கள், ஜனமைத்ரியில் காவலர் பொதுமக்களிடம் வந்து நிற்கிறார். லத்தி பிடிக்கும் கைக்குப் பக்கத்தில் நிற்கப் பழகியவன், சில நாளில் தானும் ஒரு லத்தி இருந்தால் தேவலை என்று நினைக்கத் தொடங்குகிறான். என் குழுவிலேயே அப்படி இருவரைப் பார்த்தேன்.

மீண்டும் சாலை பஜாரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. ஆசிரியை குறிப்பிட்ட மொழிச் சிக்கலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநில அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்திருக்கிறது. அதை நம்பி, பீட் அலுவலர் மாறும்போது பழையவர் புதியவரை ஒருமுறையாவது வீடுகளுக்கு நேரில் அழைத்து வந்து அறிமுகப்படுத்த வேண்டும் என்று தமிழிலேயே ஒரு மனு எழுதி நிலையத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், பதில் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் வேறொரு பெண் காவலர் வந்திருக்கிறார், அவரும் மணியைத்தான் அழுத்தினார். நல்லவேளையாக அன்று அக்காள் மகன் வீட்டில் இருந்தான். அவரைச் சமையலறை ஜன்னல் வரை அழைத்துப் போய், எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தானாம்.