அப்டேட்: பிராது எழுதின வக்கீலே எதிர்த்தரப்புக்கு ஆஜரான விஷயம்

போச்சம்பள்ளி பக்கம் எங்க மாமாவோட மாந்தோப்பு பாகப்பிரிவினை கேஸ்ல, அவருக்குப் பிராது (கோர்ட்ல வழக்கு போடுற மனு) எழுதிக் குடுத்த வக்கீலே இப்ப பங்காளி பக்கம் வக்காலத்து போட்டுட்டார்னு முன்னாடி சொல்லியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி இது.

"ஃபீஸ் செட்டில் ஆயிட்டா அவர் யாருக்கு வேணா ஆஜராகலாம்"னு சில பேர் சொன்னீங்க. இல்லைங்க. வக்கீல்களுக்கு நடத்தை விதி போடுற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட ரூல்ஸ் 33வது விதியில, வழக்கு போட ஆலோசனை சொன்னாலோ பிராது எழுதினாலோ ஆஜரானாலோ எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதைவிட முக்கியம் ரகசியம், பாரதிய சாட்சிய அதினியம் (இப்ப இருக்குற சாட்சியச் சட்டம்) 132வது பிரிவுப்படி வேலை முடிஞ்ச பிறகும் கட்சிக்காரர் சொன்னதை வெளிய விடக் கூடாது, சமரசம்னு வந்தா எந்த அளவுக்கு இறங்கி வருவேன்னு மாமா அந்த வக்கீல்கிட்டதானே மனசு விட்டு சொன்னாரு, எப்படி வலிக்கும் சொல்லுங்க.

கிருஷ்ணகிரி கோர்ட்ல ஆட்சேபணை மனு போட்டோம், அவர் வக்காலத்தை வாபஸ் வாங்கிட்டார். ஆனா வக்கீல்கள் சட்டம் 1961, 35வது பிரிவுல (வக்கீலோட தொழில் ஒழுங்கீனத்துக்கு நடவடிக்கை எடுக்குற பிரிவு) சென்னையில இருக்குற தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பத்தான் போறோம், மாமா உறுதியா இருக்காரு.