பாத்ரூமில் கையை ஆட்டியவர்கள் வரவும்: வீட்டு ஆட்டோமேஷன் அனுபவங்கள்

திண்ணை_நாமக்கல்:

வணக்கமுங்க. நாமக்கல் பக்கம் வீடு கட்டிட்டிருக்கோம், தரைத்தளம் மட்டும். சென்ட்ரிங் அடிச்சாச்சு, கம்பி கட்டு நடக்குது. மேலே வயர் பைப் எங்கெங்க வரணும்னு கான்கிரீட் போடறதுக்குள்ள சொல்லிடுங்கன்னு மேஸ்திரி ரெண்டு தடவை கேட்டுட்டார். அப்புறம் சொன்னா கட்டர் போட்டுக் குடையறதுதான் வழி.

எனக்கு வேணுங்கறது மூணே மூணு. ஆள் இருந்தா லைட் எரியோணும். போயிட்டா அணையோணும். ராத்திரியில எவனாவது காம்பவுண்ட் ஏறிக் குதிச்சா எனக்குத் தெரியோணும்.

சின்னதா ஒரு தடவை செஞ்சு சூடுபட்டவன் நான். இப்ப இருக்கற வாடகை வீட்டு பாத்ரூம்ல ஒரு பி.ஐ.ஆர். சென்சார் (உடம்புச் சூட்டை வச்சு அசைவைக் கண்டுபிடிக்கறது) மாட்டினேன். எச்.சி.எஸ்.ஆர்.501, எல்லாரும் முதல்ல வாங்குவோமே, வெள்ளைக் குமிழ் வச்சது, அதுதான். பின்னாடி ரெண்டு திருகு இருக்கும், ஒண்ணு தூரத்துக்கு, இன்னொண்ணு நேரத்துக்கு. நேரத்தை ரெண்டு நிமிஷத்துல வச்சேன். அப்பா பேப்பரோட உள்ளே போனா அரைமணி நேரம் ஆகும்னு எனக்குத் தோணவே இல்லை.

முதல் நாள் உள்ளேயிருந்து சத்தம்: "டேய், கரண்ட் போயிருச்சா?" வெளியில அம்மா, "இல்லீங்களே, ஃபேன் ஓடுதுங்களே." அப்புறம் கையை ஆட்டச் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு நாள் ஆட்டினார். பேப்பர் படபடன்னு அடிக்கற சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும். நாலாம் நாள் டார்ச்லைட்டோட போனார். ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க.

புது வீட்டுல அது நடக்கக் கூடாது. செஞ்சு பார்த்தவங்க உங்க கதையைச் சொல்லுங்க.

தீப்பெட்டி_பொன்வண்டு:

உங்க அப்பா கதை எங்க வீட்டுலயும் நடந்திருக்கு. எங்க வீட்டுல அது மாமியார், அதனால விளைவு கொஞ்சம் பெரிசு.

பி.ஐ.ஆர். பார்க்கிறது ஆளை இல்லை, அசைவைத்தான். அதுவும் சுத்தியிருக்கிற சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் பார்க்கும். நான் வேலூர். மே மாசம் மத்தியானம் ரூமே 36, 37 டிகிரியில இருக்கும்போது, சுவரும் மனுஷனும் அதுக்கு ஏறக்குறைய ஒண்ணு. டிசம்பர்ல வாசப்படியிலேயே கண்டுபிடிச்ச சென்சார், மே மாசத்துல நடு ரூம் வரைக்கும் நடந்து போனாத்தான் முழிச்சுக்கும். சென்சார் கெட்டுப்போச்சுன்னு மாத்தி மாத்தி மூணு வாங்கினேன். கெட்டது சென்சார் இல்லை, வெயில்.

பாத்ரூமுக்கு என் தீர்வு: கதவுல ஒரு காந்த சென்சார், உள்ளே அதே பி.ஐ.ஆர். சின்ன வயசுல பொன்வண்டைப் பிடிச்சுத் தீப்பெட்டியில அடைப்போமே, அதே கணக்கு. பெட்டியை மூடின பிறகு உள்ளே ஒரு சத்தம் கேட்டாப் போதும், திறக்கிற வரைக்கும் வண்டு உள்ளேதான் இருக்கு. கதவு மூடினப்புறம் ஒரே ஒரு அசைவு தெரிஞ்சா, கதவு மறுபடி திறக்கிற வரைக்கும் லைட் அணையாது. மனுஷன் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கலாம். இதுக்கு நேரத் திருகே வேண்டாம்.

ஒரே ஒரு தொல்லை. ஐப்பசி மழையில மரக்கதவு ஊதிக்கிட்டு முழுசா மூடாது, காந்தம் எட்டாது. கதவை இழைச்சுட்டு, காந்தத்தை ஒட்டும்போது கொஞ்சம் நெருக்கமா வைங்க.

ஹாலுக்கு இது உதவாது, அங்கே கதவு மூடுறவர் யார். அங்கே ரேடார் போட்டேன், 24 கிகாஹெர்ட்ஸ் எல்.டி.2410, இ.எஸ்.பி.32-ன்னு வைஃபை இருக்கிற ஒரு குட்டிக் கணினி போர்டோட. சோபாவுல அசையாம டிவி பார்க்கிறவரோட மூச்சு ஏறி இறங்கறதே அதுக்குப் போதும். முதல் நாள் ஆச்சரியம், ரெண்டாம் நாள் எரிச்சல்: லைட் அணையவே இல்லை. யாரும் இல்லாத ஹாலுல ஆள் இருக்குன்னு அடிச்சுச் சொல்லுது. சீலிங் ஃபேன்! அப்புறம் ஜன்னல் கர்ட்டன். அப்புறம் மழைக்காலத்துல ஹாலுக்குள்ள கட்டின கொடியில காஞ்சுக்கிட்டிருந்த சேலை.

அந்தச் சென்சார் தூரத்தை முக்கால் மீட்டர் கட்டங்களாப் பிரிச்சுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உணர்திறனைத் தனியாக் குறைக்கலாம். ஃபேன் இருக்கிற கட்டத்தைக் குறைச்சேன். சென்சாரையும் சீலிங்ல இருந்து இறக்கி, சுவர்ல தோள் உயரத்துல, ஃபேனுக்கு முகம் காட்டாத மூலையில வச்சேன். இப்போ பி.ஐ.ஆர். லைட்டைப் போடுது, ரேடார் அணைக்காமப் பிடிச்சு வைக்குது. ஒண்ணு கதவைத் திறக்கிற வேலை, இன்னொண்ணு காவல் வேலை.

இன்னொண்ணு, ரேடார் பலகையையும் ஜிப்சம் தடுப்பையும் தாண்டிப் பார்க்கும். பக்கத்து அறையில பையன் துள்ளினா ஹாலுல லைட் எரியும்.

வயர்மேன்:

25 வருசமா வயரிங் வேலை, மதுரை. நீங்க சென்சார் பேசுறீங்க, நான் சுவிட்ச் பெட்டி பேசுறேன்.

பாதி வீட்டுல இந்த ஸ்மார்ட் சமாச்சாரம் படுக்கிறதுக்கு ஒரே காரணம் நியூட்ரல்ணே, கரண்ட் திரும்பிப் போற வயரு. பழைய வழக்கப்படி லைட் சுவிட்ச் மட்டும் இருக்கிற போர்டுக்கு கரண்ட் வர்ற ஃபேஸ் வயர் மட்டும் இறங்கும், நியூட்ரல் நேரா லைட்டுக்குப் போயிரும். பிளக் இருக்கிற போர்டுலதான் நியூட்ரல் இருக்கும். ஸ்மார்ட் சுவிட்சுக்குத் தன் வயித்தை நிரப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும். நியூட்ரல் இல்லேன்னா லைட்டு வழியா அதைத் திருடும். அப்ப 9 வாட் எல்.இ.டி. அணைச்ச பிறகும் மின்மினி மாதிரி மினுக்கும். கஸ்டமர் பேய்னு சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடு ஒண்ணு இருக்கு, பொய் சொல்லலை.

அதனால எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இறக்கச் சொல்லிருங்க. சுவர்ல காடி வெட்டும்போதே ஆழமான பெட்டி வைங்க. சுவிட்சுக்குப் பின்னால ரிலே (தானா போட்டு அணைக்கிற குட்டி சுவிட்ச்) உட்கார இடம் வேணும், இடமில்லாம வயரை நசுக்கித் திணிச்சா ஸ்க்ரூ லூஸ் ஆகி கருகும். கேமராவுக்கும் சென்சாருக்கும் தனிப் பைப். 230 வோல்ட் போற பைப்புக்குள்ள நெட்வொர்க் வயரைத் திணிக்காதீங்க. கூடுதலா ரெண்டு காலிப் பைப்புக்குள்ள இழுவைக் கம்பி போட்டு விட்ருங்க. பைப் விலை ஒண்ணுமில்லை.

மோட்டார், ஹீட்டர் விசயத்துல விளையாடக் கூடாது. 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். சின்ன நீல ரிலேவுல 10ஏ-ன்னு போட்டிருக்கும். மோட்டார் ஓடும்போது கம்மியா இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகுற நொடியில பல மடங்கு இழுக்கும். ஒரு வீட்டுல ஓனர் தம்பி யூடியூப் பார்த்து 1 எச்.பி. மோட்டாரை அந்த ரிலேவுலயே மாட்டிட்டாரு. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. ஒரு நாள் உள்ளே ரெண்டு புள்ளியும் உருகி ஒட்டிக்கிருச்சு. போன்ல ஆஃப்னு காட்டுது, மோட்டார் ஓடுது, மாடியில இருந்து அருவி. அவரு ஆபீஸ்ல உட்கார்ந்து ஆஃப் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்திருக்காரு. ரிலே கான்டாக்டரை (பெரிய கரண்ட் தாங்குற சுவிட்ச்) இழுக்கணும், கான்டாக்டர்தான் மோட்டாரை இழுக்கணும்.

மூணாவது_மாடி:

சென்னை, அடுக்குமாடி. நான் போனை வச்சு ஆளைக் கண்டுபிடிச்ச கோஷ்டி. ரெண்டு போனும் வைஃபையில இல்லேன்னா வீடு காலின்னு அர்த்தம், அலாரம் தானா காவலுக்குத் தயாராகிக்கும். கேட்க அழகா இருக்கு, இல்ல?

முதல்ல போனோட செட்டிங்ஸ்ல "பற்றி" பக்கத்துல இருந்த மேக் முகவரியை (நெட்வொர்க்குல போனை அடையாளம் காட்டுற எண்) எழுதி வச்சேன். ரவுட்டர்ல அந்த முகவரி வரவே இல்லை. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 காலத்துல இருந்து போன்கள் வைஃபைக்கு ஒரு புனைபேர்ல போகுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த ஒளிவுமறைவை அணைச்சு வச்சு அதைச் சரிபண்ணினேன்.

அடுத்தது தூக்கம். ராத்திரி போன் பேட்டரி சேமிக்க வைஃபையை விட்டுடும். ஒண்ணரை மணிக்கு "வீட்டுல யாரும் இல்லை" முடிவு. ஒண்ணே முக்காலுக்கு மனைவி தண்ணி குடிக்க எழுந்து ஹாலுக்கு வந்தாங்க. சைரன். மூணு மாடியும் வராண்டாவுக்கு வந்தாச்சு. எதிர்வீட்டு மாமா கையில கிரிக்கெட் பேட். மறுநாள் அசோசியேஷன் குழுவில என் பேர் போடாம ஒரு பொது வேண்டுகோள்.

இதைவிட மோசம், போனை சார்ஜுல போட்டுட்டு மனுஷன் கோயிலுக்குப் போறது. வீடு பூட்டியிருக்கு, ஆனா சிஸ்டத்தைப் பொறுத்தவரை அப்பா ஹாலுல இருக்கார்.

இப்போ போன் ஒரு சாட்சி மட்டும். வாசல் கதவு திறந்து மூடணும், அதுக்குப் பிறகு 10 நிமிஷம் எந்த சென்சாரும் அசைவு பார்க்கக் கூடாது, போனும் இருக்கக் கூடாது. மூணும் ஒத்துப்போனாத்தான் காலி. அப்பவும் சைரன் கிடையாது, முதல்ல என் போனுக்குச் செய்தி வரும், கேமரா படத்தைப் பார்த்து நானே சைரனை அடிக்கணும்.

வாய்க்கால்_வரப்பு:

தஞ்சாவூர் பக்கம் தோட்டத்து வீடு. கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன். நெட்வொர்க் வயர் ஒன்றிலேயே கரண்டும் படமும் போகிற பி.ஓ.இ. வகைதான் போட்டேன், 100 மீட்டர் வரை கவலையில்லை. அதில் குறையே கிடையாது. குறை சொன்னால் பல்லியைத்தான் சொல்ல வேண்டும்.

இரவில் கேமரா தன்னைச் சுற்றியே அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்கிறது. விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, மிச்சத்துக்குச் சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் ஒரு வலை இழை ஆடினால் படத்தில் வெள்ளை வடக்கயிறு ஊசலாடுவதுபோலத் தெரியும். படத்தில் புள்ளிகள் மாறினால் அசைவு என்று கணக்குப் போடும் கேமரா அது. ஒரே இரவில் 140 எச்சரிக்கைகள் வந்தன. மூன்றாம் வாரம் ஒலியை அணைத்துவிட்டேன். உண்மையிலேயே ஒருவன் வந்து இரண்டு தென்னங்குலைகளை வெட்டிக்கொண்டு போனது அந்த வாரம்தான். பதிவில் அழகாக இருந்தான்.

பிறகு கேமராவின் சொந்த அகச்சிவப்பை அணைத்துவிட்டு, நான்கு அடி தள்ளித் தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கு வைத்தேன். பூச்சிகள் அங்கே குடிபோயின. மனித உருவமா என்று பார்த்துச் சொல்லும் ஃப்ரிகேட் மென்பொருளை வீட்டுக்குள்ளேயே பழைய கணினி ஒன்றில் ஓட்டுகிறேன். படம் வெளியே எங்கும் போவதில்லை. இப்போது இரவுக்கு ஒன்றிரண்டு எச்சரிக்கைதான், அதிலும் பாதி நான் மோட்டார் போடப் போகும்போது.

கரண்ட்_கட்:

சின்னதா ஒண்ணு. ஸ்மார்ட் பல்பு வாங்காதீங்க. கரண்ட் போய் வந்தா நிறைய பல்பு முழு வெளிச்சத்துல எரியற மாதிரிதான் கம்பெனியில இருந்து வருது. விடியகாலை 3 மணிக்குக் கரண்ட் வந்து எங்க வீடு கல்யாண மண்டபமா ஆச்சு, கைக்குழந்தை எழுந்துடுச்சு. செட்டிங்ஸ்ல மாத்தலாம்தான், முதல்ல அது நடந்தாகணும். தவிர, பெரியவங்க பழக்கத்துல சுவர் சுவிட்சை அணைச்சா பல்பு பிணம். சுவிட்சுக்குப் பின்னால ரிலே போடுங்க, சுவிட்ச் எப்பவும்போல வேலை செய்யும்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். இதையெல்லாம் சேர்த்து ஓட்டுற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கணினியில, மெமரி கார்டுல ஓட்டினேன், அடிக்கடி கரண்ட் போய் ரெண்டு கார்டு செத்துது. இப்போ திரை உடைஞ்ச பழைய லேப்டாப். பேட்டரி உள்ளேயே இருக்கு.

இணையத்துல ஆப் மூலமா மட்டும் ஓடுற சுவிட்ச் ஒண்ணு வாங்கியிருந்தேன், கம்பெனி சர்வரை மூடிட்டாங்க. இன்னிக்கு அது 1,800 ரூபா சாதா சுவிட்ச்.

திண்ணை_நாமக்கல்:

எல்லாத்தையும் அச்செடுத்து எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்துட்டேனுங்க. வயர்மேன் அண்ணா, நியூட்ரல்னு சொன்னதும் அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு "யாரோ தொழில்காரர் சொல்லியிருக்கார்"னார்.

முடிவு பண்ணினது: எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல், வாசல்லயும் பின்கட்டுலயும் கேமராவுக்கு வயர், ஹால் மூலையில ரேடாருக்கு ஒரு பாயின்ட், மாடிப்படிக்கு வழக்கமான டூ-வே சுவிட்சே போதும். சைரன் இப்போதைக்கு இல்லை, மூணாவது மாடிக்கு நன்றி.

பாத்ரூமுக்குத் தீப்பெட்டித் திட்டம். சாயங்காலம் அதை அப்பாகிட்ட விளக்கினேன். பொன்வண்டு வரைக்கும் பொறுமையாக் கேட்டார். "சுவிட்சு இருக்குமில்ல?"ன்னார். இருக்குங்கப்பான்னேன். "எங்கே?" கதவுக்கு வெளியே வலது பக்கம்னேன். "உள்ளேயும் ஒண்ணு வையி"ன்னுட்டு எழுந்து போயிட்டார்.

உள்ளே ஈரம் படாத உயரத்துல ஒரு பெட்டிக்கு மேஸ்திரி இப்பதான் சுவர்ல கோடு போட்டிருக்கார்.