சி.டி.என்.ஏ. பாதியிலேயே நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருகோணமலையில் இறால் தசை ஆர்.என்.ஏ.யிலிருந்து சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.யின் டி.என்.ஏ. பிரதி) செய்கிறோம். அந்தப் பிரதியை எழுதும் நொதியமான எம்.எம்.எல்.வி. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் 200 யூனிட், ஒலிகோ டி.டி. (ஆர்.என்.ஏ.யின் 3' வாலில் ஒட்டும் பிரைமர்), மொத்தம் 20 மைக்ரோலீற்றர், 37 பாகையில் 50 நிமிடம். கடந்த மாதம் 4,000 பேஸ் நீள மரபணுவுக்கு மாறியதிலிருந்து 3' முனைத் துண்டு மட்டும் பளிச்சென்று வருகிறது. 5' பக்கம் வெறுமை. சிறிய மரபணுக்கள் இப்போதும் சரி.

ஜெல்லில் ஆர்.என்.ஏ. ஒற்றைப் பட்டைதான், இறாலில் 28எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. இரண்டாகப் பிரிந்து 18எஸ்ஸோடு ஓடும், அதைச் சிதைவென்று எண்ண வேண்டாம். 65 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி ஐஸில் வைத்தோம், புது டி.டி.டி. (டைதயோதிரைட்டால்), ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியம்) தடுப்பான் சேர்த்தோம், மாற்றமில்லை. 5' பிரைமர்கள் பிளாஸ்மிட்டில் ஒழுங்காக வேலை செய்கின்றன. நொதியம் ஆர்.என்.ஏ.யின் மடிப்புகளில் தயங்கும்போது அதன் ஆர்.என்.ஏஸ் எச் பகுதியே (டி.என்.ஏ.யோடு இணைந்த ஆர்.என்.ஏ.யை வெட்டும் பகுதி) அச்சு இழையான ஆர்.என்.ஏ.யை வெட்டுகிறதென்று சந்தேகம். வெளியிலிருந்து சேர்க்கும் தடுப்பான் அதை நிறுத்தாது.

எச் செயற்பாடு நீக்கிய நொதியத்தை 50 பாகையில் ஓட்டுவதா, இதே நொதியத்தோடு ரான்டம் ஹெக்ஸமர் (ஆங்காங்கே ஒட்டும் ஆறு பேஸ் பிரைமர்கள்) போடுவதா, எதை முதலில் செய்யலாம்?