மறு: லுவோகுவுக்குத் தமிழில் என்ன பெயர்?

லுவோகு என்னும் சீனத் தாளவாத்தியக் குழு இசை பற்றிய நம் கட்டுரையின் தலைப்புக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> லுவோ என்றால் சேகண்டி, கு என்றால் முரசு. 'சேகண்டி முரசு' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, சேகண்டி என்றதும் நம் ஊரில் பலருக்கும் சங்கோடு சேர்ந்த சாவு வீடுதான் நினைவுக்கு வரும். லுவோகுவோ புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் களைகட்டுவது. கருவியும் வேறு. சேகண்டி தட்டையான கனத்த தகடு. லுவோவுக்கு விளிம்பு மடிந்திருக்கும். பீக்கிங் ஓபராவில் பெரிய லுவோவை அடித்தால் சுருதி சறுக்கிக் கீழே இறங்கும், சின்னது மேலே ஏறும். தளபதி மேடையேறினால் பெரும்பாலும் பெரியது, பெண் பாத்திரம் வந்தால் சின்னது.

முரசிலும் சிக்கல் இருக்கிறது. மேற்கு ஹூனானில் துஜியா மக்கள் வாசிக்கும் தாலியூட்ஸவில் நான்கே பேர்: இரண்டு லுவோ, இரண்டு ஜோடி தாளம் (ஜால்ரா போன்ற கருவி). தோல்கருவியே கிடையாது, ஆனாலும் லுவோகு வகையில்தான் சேர்க்கிறார்கள். தாளக்காரர் ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடிப்பார். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஆள் அசுர வேகத்தில் அடிப்பதாகத் தோன்றும். ஷான்சியின் ஜியாங்ஜோவில் இதற்கு நேர்மாறு. அங்கே முரசுதான் ராஜா. தோல் போதாதென்று விளிம்பையும் குமிழ் ஆணிகளையும்கூடத் தட்டி உரசி ஒலி எழுப்புகிறார்கள்.

> கஞ்சக்கருவி என்ற பழஞ்சொல் இருக்கிறதே, 'கஞ்சமேளம்'?

சொல் நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு அச்சில் பார்ப்பவர், காசு கொடுக்காமல் கூட்டிவந்த மேளம் என்றல்லவா நினைப்பார்!

என் ஓட்டு 'வெண்கல மேளம்'. பெரிய மேளம், நையாண்டி மேளம் என்று குழுவையே மேளம் என்கிறோம். முரசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சொல் தாங்கும். லுவோவும் தாளமும் வெண்கலம்தான்.

அப்புறம், லுவோகு ஜிங். கட்டுரையில் 'தாள மந்திரம்' என்று இருக்கிறது, அது வேண்டாம். பெரிய லுவோவோடு எல்லாம் சேர்ந்து விழுந்தால் 'ட்சாங்', தாளத்துக்குச் 'சி', சின்ன லுவோவுக்குத் 'தாய்' என்று வாயால் சொல்லியே பாடம் பண்ணுகிறார்கள். தாளத்தை வாயால் சொல்வதற்கு நம்மிடம் 'சொற்கட்டு' இருக்க வேறு எதற்கு?

தெற்கு ஜியாங்சுவின் ஷிஃபான் லுவோகு பற்றிய பகுதியை மட்டும் சற்று விரிக்கலாம். அங்கே 1, 3, 5, 7 என்ற அலகுகளை அடுக்கித்தான் தாளம் கட்டுகிறார்கள். 7, 5, 3, 1 என்று குறுகி வந்தால் அதற்கு நத்தைக் கூட்டின் பெயர். 1-இல் தொடங்கி 7 வரை பெருத்து மறுபடி சிறுத்தால் ஆலிவ் காயின் பெயர். நம் மிருதங்க வித்வான்கள் முன்னதைக் கோபுச்ச யதி (பசுவின் வால் போலக் குறுகும் தாள வடிவம்) என்றும் பின்னதை மிருதங்க யதி என்றும் உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் நத்தையை எடுத்துவிட்டுப் பசுவின் வாலை வைக்காதீர்கள். யதியை அடைப்புக்குறிக்குள் சொன்னால் போதும்.

வெண்கல மேளத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடுகிறேன்.