குடலைத் தேற்றும் வீட்டுச் சமையல்: எலும்பு ரசமும் தயிரும்

கேள்வி (வெள்ளவத்தை):
நீண்டகால வயிற்றுப் பொருமலுக்குப் பின், வைத்தியரின் ஆலோசனையுடன் கடைச் சாப்பாட்டை முற்றாக நிறுத்தி, அனைத்தையும் வீட்டிலேயே சமைக்கிறேன். ஆட்டெலும்பு ரசத்தை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், தயிரை எவ்வளவு நேரம் புளிக்க விட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

பதில் (தெஹிவளை):
தங்கச்சி, மூட்டெலும்புகளைக் கேட்டு வாங்கி, சிறிது தேசிக்காய்ப் புளி விட்டு, மெல்லிய நெருப்பில் குறைந்தது 6 மணி நேரம் வையுங்கள். எலும்போடு ஒட்டியிருக்கும் சவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல ஜெலட்டினாக மாறுவதால், குளிரூட்டியில் வைத்த ரசம் களிபோல் உறையும். பதம் சரியென்பதற்கு அதுவே அடையாளம். செத்தல் மிளகாயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், இஞ்சியும் சீரகமும் மஞ்சளும் போதும். என் அம்மாவின் நோய்க்காலத்தில் இதையே நாள்தோறும் ஒரு கோப்பை கொடுத்தோம்.

பதில் (கொட்டாஞ்சேனை):
தயிரை வெதுவெதுப்பான இடத்தில் 24 மணி நேரம் புளிக்க விட்டால், பாலிலுள்ள சர்க்கரையான லக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உண்டுவிடும். முதல் நாள் ஒரு தேக்கரண்டி மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா, அண்ணா. நாளைக் காலையே மூட்டெலும்பு வாங்குகிறேன். வல்லாரை இலைக்கஞ்சியையும் சேர்க்கலாமா?

பதில் (தெஹிவளை):
சேர்க்கலாம், ஆனால் ரசமும் தயிரும் ஒத்துக்கொண்ட பின்னரே. புதியவற்றை ஒரே நாளில் தொடங்கினால் எது ஒவ்வாதது என்று அறிய முடியாது.