பித்தளை ஆமைப்பூட்டு பாதி சுழன்று நின்றுவிடுகிறது. சேகரிப்பைத் தொடர ஆலோசனையும் தேவை

கொக்குவில் வாசி எழுதியது:

வணக்கம். பூட்டுகளைத் திறப்பு (சாவி) இல்லாமல் ஊசியாலும் கம்பியாலும் திறந்து பழகுவது என் பொழுதுபோக்கு. அதற்கென்று கடையில் வாங்கியவை, பழைய இரும்பு வாங்குபவரின் குவியலில் தேடி எடுத்தவை, அம்மம்மா வீட்டிலிருந்து வந்தவை என்று ஒரு பிஸ்கட் தகரம் நிறையப் பூட்டுகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் எனக்கே உரியவை. கதவிலோ கேற்றிலோ பாவனையில் இருக்கும் எந்தப் பூட்டிலும் நான் கை வைப்பதில்லை.

முதற் சிக்கல், ஹாட்வெயார் கடையொன்றில் புதிதாக வாங்கிய, ஐந்து பின் (திறப்பு தூக்கும் சிறு உலோகத் துண்டு) கொண்ட பித்தளை ஆமைப்பூட்டு. பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரும்போது நடுவிலுள்ள உருளை திடீரென்று சற்றுச் சுழல்கிறது; திறந்துவிட்டது என்று மகிழும் அந்த இடத்திலேயே இறுகி நின்றுவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பின்னும் அசைவதாகத் தெரியவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினால், உருளையைத் திருப்பப் பிடிக்கும் முறுக்குக் கம்பிதான் வளைகிறது.

அடுத்தது, அம்மம்மா வீட்டுச் சாமான் அறையில் தொங்கிய கனமான லீவர் பூட்டு. 1995 இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய நாளில் பூட்டப்பட்டது. திரும்பி வந்தபோது திறப்பு இருக்கவில்லை என்பதால் நாதாங்கியை வாளால் அறுத்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அறுபட்ட நாதாங்கித் துண்டைக் கௌவியபடியே பூட்டு இன்றும் மூடிக் கிடக்கிறது. அதை உடைக்காமல் திறக்க விரும்புகிறேன்.

மூன்றாவதாக, மாரி தொடங்கியதும் பித்தளைப் பூட்டுகளில் பச்சையும் மலிவான பூட்டுகளில் வெள்ளைப் பொடியும் பூக்கின்றன. தேங்காய் எண்ணெய் பூசியும் பயன் இல்லை. இவற்றோடு, சேகரிப்பை இனி எந்த ஒழுங்கில் வளர்ப்பது நல்லது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இன்னொன்று. என் பொழுதுபோக்கைக் கேள்விப்பட்ட அயலவர் ஒருவர், கனடாவில் இருக்கும் தன் உறவினரின் வீட்டு முன்கதவைத் திறந்து தரும்படி கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சுன்னாகம் திறப்பு வெட்டுபவர் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்ய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உரித்தாளர் வெளிநாட்டில் இருக்க, உறவினர்களுக்குள்ளே இழுபறி நடக்கும் வீடுகள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. உரித்தாளர் தானே உங்களிடம் பேசி, எழுத்தில் சம்மதம் தந்து, கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்திய பிறகு, தொழிலாக இதைச் செய்பவரைக் கூப்பிடட்டும். பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், பாவனையில் இருக்கக் கூடாது என்ற இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அயலவர் என்பதற்காகத் தளர்த்த வேண்டாம். ஊசிகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரவில் திரிவதையும் தவிர்த்துவிடுங்கள். அவை வீட்டு மேசையில் இருக்க வேண்டிய சாமான்கள்.

இனிப் பித்தளைப் பூட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இது பொய்த் திறப்பு நிலை, அதாவது திறந்துவிட்டது போலக் காட்டும் நிலை. ஒவ்வொரு கீழ்ப்பின்னின் மேலும் ஒரு மேற்பின் இருக்கும். சாதாரண மேற்பின் நேரான உருண்டைத் துண்டாக இருக்கும்; இந்தப் பூட்டில் ஒன்றோ இரண்டோ மேற்பின்கள் நூற்கட்டையைப் போல இடை ஒடுங்கியவையாக இருக்கக்கூடும். உருளையும் உடலும் சந்திக்கும் கோட்டில் அந்த ஒடுங்கிய இடை வந்து சிக்கும்போது, உருளைக்குச் சிறிது சுழல இடம் கிடைக்கிறது. ஆனால் பின்னின் தடித்த கீழ்விளிம்பு இன்னும் உருளைக்குள்ளேயே மாட்டி நிற்பதால் அதற்கு மேல் சுழல முடியாது. நீங்கள் கூடுதலாக அழுத்த அழுத்த அந்த விளிம்பு இன்னும் இறுகுகிறது. ஆகவே பலம் கூட்டுவது இங்கே நேர்மாறான வேலை.

செய்ய வேண்டியது இதுதான். பொய்த் திறப்பு நிலையில் உருளையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பின்னையும் ஊசி முனையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். சிக்கிய பின்னைத் தூக்கும்போது, கம்பியைப் பிடித்திருக்கும் விரலில் உருளை எதிர்ப்பக்கமாகத் திரும்பத் தள்ளுவது தெரியும். அந்த இடத்தில் விரலைத் தளர்த்தி, உருளை பின்னால் போக வழிவிட வேண்டும். முழுவதும் விட்டுவிட்டால் எல்லாப் பின்களும் விழுந்துவிடும். தடித்த விளிம்பு கோட்டைத் தாண்டியதும் சிறிய சொடுக்கு ஒன்று கேட்கும். அந்தத் தளர்வில் வேறு ஒரு பின் விழுந்திருந்தால், அதை மறுபடி தூக்கினால் போதும்.

பருத்தித்துறைக் கரை எழுதியது:

மேலே சொன்ன விளக்கத்தை மறுக்கவில்லை. ஆயினும் உருளை பாதியில் நின்றால் அது இடை ஒடுங்கிய பின்தான் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கடற்கரையில் இருக்கும் எனக்குக் கடையில் புதிதாக வாங்கிய பூட்டிலேயே உப்பும் தூசியும் சேர்ந்து பின் ஒட்டிக்கொண்டிருந்த அனுபவம் உண்டு. முதலில் பூட்டின் சொந்தத் திறப்பைப் போட்டுச் சில முறை திறந்து மூடிப் பாருங்கள். திறப்போடே கரகரப்பு இருந்தால் குற்றம் அழுக்கில் இருக்கிறது. இல்லையென்றால் ஐயா சொன்ன சோதனை போதுமானது: பின்னைத் தூக்கும்போது உருளை எதிர்த்துத் தள்ளினால் அது ஒடுங்கிய பின், எந்தப் பின்னைத் தூக்கினாலும் தள்ளல் இல்லாமல் செத்தது போல நின்றால், ஒன்று அழுக்கு, அல்லது ஏதோ ஒரு பின்னை அளவுக்கு மேலே தூக்கிவிட்டீர்கள்.

மாரிக் காலப் பிரச்சினைக்கு என்னிடம் பதில் உண்டு. தேங்காய் எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து பச்சைப் பூச்சை உண்டாக்கும். நாளாக ஆகத் தூசியைப் பிடித்துப் பிசினாகவும் மாறும். பூட்டின் உள்ளே பென்சில் கரியின் மெல்லிய தூள், வெளியே தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, இவ்வளவே போதும். கரித்தூளையும் எண்ணெயையும் ஒரே துவாரத்தில் கலந்தால் சேறாகிவிடும். குத்துவிளக்கு மினுக்குவது போலப் புளி போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே பளபளக்கும், ஆனால் அமிலம் உள்ளே இறங்கி இரும்பு வில்களைத் தின்றுவிடும்.

வெள்ளைப் பொடி பூப்பவை பெரும்பாலும் நாக (துத்தநாக) கலவையில் வார்த்த பூட்டுகள். அவற்றைப் பித்தளையோடு ஒரே தகரத்தில் போடாமல் வேறாக வையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா மணிப் பைகளைப் போட்டு வைக்கலாம். திறப்பைப் பூட்டோடு ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும். பருத்தி நூல் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் அலுமாரியின் மேற்தட்டில் வைத்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

கொக்குவில் வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. திறப்பைப் போட்டுப் பார்த்தேன். கரகரப்பு ஒன்றும் இல்லை. பிறகு ஐயா சொன்னபடி சோதித்தபோது மூன்றாவது பின்னில் விரலைப் பின்னுக்குத் தள்ளும் அந்த எதிர்ப்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது. தளர்த்திக் கொடுத்ததும் முதலாவது பின் விழுந்தது. அதை மறுபடி தூக்கியதும் வளையம் துள்ளித் திறந்தது. அயலவருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். சற்று முகம் கறுத்தார்.

என்னுடைய முறுக்குக் கம்பி குடைக் கம்பியில் செய்தது. அது வளைவதற்கு மாற்று உண்டா? லீவர் பூட்டைப் பற்றியும் அறியக் காத்திருக்கிறேன்.

சுன்னாகம் திறப்பு வெட்டுபவர் எழுதியது:

குடைக் கம்பி மென்மையானது. வாகனக் கண்ணாடி துடைப்பானின் ரப்பருக்குள் இரண்டு பக்கமும் ஓடும் தட்டையான உருக்குக் கீற்றை, கராச்சில் கழித்துப் போட்டதிலிருந்து கேட்டு வாங்கலாம்; முறுக்குக் கம்பிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஊசிக்கு இரும்பு அறுக்கும் வாளின் அலகு பொருத்தமானது; அதன் தடிப்பு ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர். பல்லை அரைத்து நீக்கும்போது ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அலகு நீலம் பாரித்தால் உரம் போய்விட்டது. அது பூட்டுக்குள் வளைந்துகொண்டே இருக்கும். கடைசியில் நுண்தாளால் விளிம்புகளை மழமழப்பாக்காவிட்டால், பின்னின் அசைவு எது, ஊசியின் உராய்வு எது என்று விரலுக்குப் பிரித்தறிய முடியாது.

லீவர் பூட்டுக்கு இந்தச் சாமான் எதுவும் உதவாது. அதற்குள்ளே பின்கள் இல்லை. தட்டையான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் தன் வில்லால் அழுத்தப்பட்டிருக்கும். தகடு ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. திறப்பு எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கும்போது வெட்டுகள் ஒரே வரிசைக்கு வரும். அப்போதுதான் தாழ்ப்பாளில் உள்ள முளை அந்த வரிசைக்குள் நுழைந்து பின்வாங்க முடியும். ஆகவே ஒரு வளைந்த கம்பியால் தாழ்ப்பாளைத் திறக்கும் திசையில் தள்ளிக்கொண்டு, இன்னொரு கம்பியால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். திறப்புத் துவாரத்தின் நடுவில் வேறொரு முளை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதற்குரிய திறப்பு குழாய்த் தண்டு கொண்டது. உங்கள் கம்பிகளும் அந்த முளையைச் சுற்றி நுழையும்படி வளைக்கப்பட வேண்டும்.

ஆனால் இவ்வளவு காலம் அசையாமல் கிடந்த பூட்டில் முதல் வேலை கம்பி அல்ல. துவாரம் மேலே இருக்கும்படி மண்ணெண்ணெயில் ஊற விடுங்கள். ஒரு வாரத்துக்கு மேலாக ஊறட்டும். எண்ணெய் கலங்கினால் மாற்றுங்கள். தட்டவோ சூடாக்கவோ வேண்டாம். துருப்பிடித்த வில் ஒன்று உடைந்தால் அந்தத் தகடு எப்படியும் நிற்கும், பிறகு உணர்வு ஒன்றும் கிடைக்காது.

வெள்ளவத்தைச் சேகரிப்பாளர் எழுதியது:

சேகரிப்பின் ஒழுங்கைப் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை என்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். எண்ணிக்கைக்காகவோ மினுக்கத்துக்காகவோ வாங்காமல், உங்களிடம் இல்லாத ஒரு பொறிமுறை கிடைக்கும்போது மட்டும் வாங்குவது நல்லது. ஒரே பித்தளைப் பூட்டைச் சிறிதும் பெரிதுமாக ஐந்து அளவில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடை அலுமாரி, சேகரிப்பு அன்று. பழைய பெட்டகத்தில் உள்ள தடுப்புச் சுவர்ப் பூட்டு, மேசை லாச்சியில் உள்ள தகட்டுப் பூட்டு, லீவர், பின், வட்டுப் பூட்டு, எண் பூட்டு என்று வகைக்கு ஒன்று இருந்தாலே நெடுங்காலம் படிக்கலாம்.

இந்த வகைகளுக்கு வரலாற்று வரிசையும் உண்டு. இங்கிலாந்தில் றொபேட் பரன் 1778 இல் இரட்டைச் செயல் லீவரை, அதாவது கூடாமலும் குறையாமலும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டிய லீவரைக் கொண்டுவந்தார். ஜோசப் பிராமா 1784 இல் தன் உருளை வடிவத் திறப்புள்ள பூட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஜெரமையா சப் 1818 இல், லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் தானே இறுகிக்கொண்டு, யாரோ கை வைத்ததை உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டைச் செய்தார். 1851 இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கரான ஹொப்ஸ் இந்தச் சப் பூட்டையும் பிராமா பூட்டையும் திறந்து காட்டினார். பிராமாவுக்கு மட்டும் 16 நாட்களில் பரவிய 51 மணித்தியாலங்கள் பிடித்தன. அதன் பிறகு லைனஸ் யேல் (இளையவர்) 1860 களில் ஆக்கவுரிமை பெற்ற, பின்கள் கொண்ட பூட்டின் வழிவந்ததுதான் நீங்கள் இப்போது திறந்த பித்தளைப் பூட்டு.

1907 இல் பின்லாந்தில் எமில் ஹென்றிக்சன் அமைத்த வட்டுப் பூட்டைக் கட்டாயம் தேடுங்கள். சுழலும் வட்டுகளைத் தள்ள வில் ஒன்றும் இல்லாததால் உப்புக் காற்றிலும் தூசியிலும் அது மற்றவற்றை விட நீடித்து உழைக்கும். நம் ஊர்க் கரைகளுக்கு ஏற்றது. அந்த அமைப்பைப் பின்பற்றிச் செய்த மலிவான பூட்டுகளும் சந்தையில் உண்டு. இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் திண்டுக்கல் பூட்டு ஒன்று சொல்லி வையுங்கள். கையால் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது; மாங்காய் வடிவப் பூட்டு ஒன்று உங்கள் லீவர் வரிசைக்கு அழகு சேர்க்கும். 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பயிற்சிக்கு ஆமைப்பூட்டை விடக் கழற்றக்கூடிய கதவுச் சிலிண்டர் சிறந்தது. மலிவான ஆமைப்பூட்டுகளில் பின் துவாரங்களை உலோக முளையால் அடைத்து மட்டமாகத் தேய்த்திருப்பார்கள். கழற்றினால் மறுபடி பொருத்துவது கடினம். சிலிண்டரிலோ, பின்பக்க வளையத்தைக் கழற்றி, திறப்பைப் போட்டு உருளையைச் சற்றுத் திருப்பி, அதே விட்டத்தில், பெரும்பாலும் 13 மில்லிமீற்றர் அளவில், செதுக்கிய மரக்கோலால் உருளையைத் தள்ளி வெளியே எடுக்கலாம். கோல் உருளையோடு இடைவெளி விடாமல் ஒட்டியே போக வேண்டும். விட்டால் மேற்பின்களும் வில்களும் தெறித்துக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பிறகு இரண்டு பின் மட்டும் போட்டுப் பழகி, ஒவ்வொன்றாகக் கூட்டலாம்.

கொக்குவில் வாசி எழுதியது:

மிக்க நன்றி. லீவர் பூட்டு மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் காவி நிறமாக வந்ததால் ஒரு தடவை மாற்றினேன். துவாரத்தில் முளை இருக்கிறது. ஐயாவிடம் ஒரு கேள்வி: அறுபட்ட நாதாங்கித் துண்டை இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் வேலை செய்ய வசதியாக இருக்குமா?

சுன்னாகம் திறப்பு வெட்டுபவர் எழுதியது:

எடுக்க வேண்டாம், தம்பி. வாளின் அதிர்ச்சி தாழ்ப்பாளுக்குத்தான் போகும். மேலும், அந்தத் துண்டைக் கட்டைக் கவ்வியில் இறுக்கினால் பூட்டின் உடலில் வடுப்படாமல் இரண்டு கையாலும் வேலை செய்யலாம். தாழ்ப்பாள் சற்றேனும் ஆடத் தொடங்கியதும் துவாரத்தின் நேர்ப்படம் ஒன்றை அளவுகோல் வைத்து எடுத்து இங்கே போடுங்கள். கம்பியை எந்த அளவில் வளைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.