போன தடவை பிபி ஏறிடுச்சு, இந்த தடவை உப்பை நிறுத்தினா போதுமா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்ப 13 வாரம், ரெண்டாவது குழந்தை. மொத தடவை 35வது வாரம் செக்கப்புக்குப் போனப்ப பிபி 160/110, யூரின்ல புரோட்டீன் வேற, ப்ரீஎக்ளாம்சியா (கர்ப்பத்துல பிபி ஏறற கோளாறு)ன்னு சொல்லி அன்னைக்கே அட்மிட் பண்ணி ரெண்டு நாள்ல சிசேரியன். குழந்தை 11 நாள் என்ஐசியூல (பச்சக் குழந்தைங்க ஐசியூ) இருந்துச்சு. அதனால இந்த தடவை பாசிட்டிவ்னு தெரிஞ்சதுலேர்ந்து வீட்டுல எல்லாருக்கும் பயம், ரெண்டு வாரமா எனக்கு மட்டும் தனியா உப்பே இல்லாத சமையல். ஏற்கெனவே வாந்தி, இதுல உப்பில்லாம ஒரு வாய்க்கு மேல உள்ள போக மாட்டேங்குது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க விட்டமின் சி, ஈ ரெண்டும் எடுத்தா வராதுங்கறாங்க, இன்னொருத்தங்க புரோட்டீன் பவுடர்ங்கறாங்க. சாப்பாட்டுல எதை மாத்தினா நிஜமாவே பலன் இருக்கும்? டாக்டரைப் பார்க்கறது அடுத்த செவ்வாய்தான், அதுக்குள்ள தலை வெடிச்சிடும் போல இருக்கு.

ரெட்டைஜடை:
எனக்கும் இதே கதைதான் பா. மொத குழந்தைக்கு காலெல்லாம் வீங்கி உப்பு, தண்ணி ரெண்டையும் குறைச்சுட்டு கெடந்தேன், கடைசில பிபி ஏறத்தான் செஞ்சுது. ரெண்டாவதுக்கு வேற டாக்டர், உப்பைப் பத்தி ஒரு வார்த்தை கூட கேக்கல, கால்சியமும் ராத்திரிக்கு ஆஸ்பிரினும் எழுதிக் குடுத்தாங்க. அந்த தடவை வரல. அதனாலதான் வரலையா இல்ல எனக்கு லக்கான்னு தெரியாது, சும்மா என் அனுபவத்தைச் சொல்றேன். செவ்வாய் வரைக்கும் வெய்ட் பண்ணாம ஒரு போன் போட்டு ஆஸ்பிரின் பத்திக் கேட்டுடு.

நைட்டூட்டி:
லேபர் வார்டுல ஒம்போது வருஷமா நர்ஸா இருக்கேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வரும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்மா.

மொதல்ல உப்பு. ப்ரீஎக்ளாம்சியா சாதாரண பிபி மாதிரி கிடையாது. கர்ப்பப்பையில இருக்கற ரத்தக்குழாய்ங்க ஆரம்ப மாசங்கள்லயே நல்லா விரியணும், அது சரியா நடக்கலேன்னா நஞ்சுக்கொடிக்கு (பிளசென்டா) ரத்தம் பத்தாது, அப்ப நஞ்சுக்கொடிலேர்ந்து வர்ற சில புரோட்டீன்கள் அம்மாவோட ரத்தக்குழாய் உள்சுவரையே கெடுத்துடும், 20 வாரத்துக்கு மேல அது பிபியா வெளிய தெரியுது. இதுல உடம்பு வீங்கியிருக்கும், ஆனா குழாய்க்குள்ள ஓடற ரத்தத்தோட அளவு நார்மல் கர்ப்பத்தை விடக் கம்மியாத்தான் இருக்கும். அப்புறம் உப்பையும் தண்ணியையும் நிறுத்தி என்ன பிரயோஜனம்? ப்ரீஎக்ளாம்சியாவைத் தடுக்கறதுக்குன்னு உப்பைக் குறைக்கச் சொல்லாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் டபிள்யூஹெச்ஓவே 2011ல சொல்லிடுச்சு. எல்லாரும் சாப்பிடற அளவு நீயும் சாப்பிடு. பாக்கெட் ஐட்டத்தைக் குறைச்சுக்கறது நல்லதுதான், அது யாருக்கும் நல்லது. கர்ப்பத்துக்கு முன்னாடியே பிபி இருந்தவங்க மட்டும் அவங்க டாக்டர் சொன்ன உப்புக் கணக்கைத் தொடரணும்.

சாப்பாட்டு விஷயத்துல உருப்படியா நிரூபிச்சது ஒண்ணே ஒண்ணு, கால்சியம். அதுவும் சாப்பாட்டுல கால்சியம் கம்மியா எடுக்கறவங்களுக்குத்தான் பெரிய வித்தியாசம், அவங்கள்ல ரிஸ்க் பாதிக்கும் கீழ போகுதுன்னு பல ஆராய்ச்சிங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. அமெரிக்காவுல 1997ல 4589 பேருக்கு 2 கிராம் வீதம் குடுத்துப் பார்த்தாங்க, ஏற்கெனவே ஓரளவு கால்சியம் சாப்பிட்டுட்டிருந்த பொண்ணுங்க, அவங்களுக்கு ஒரு மாத்தமும் இல்ல. இந்த யோசனை வந்ததே ஒரு சுவாரஸ்யமான கதை. குவாத்தமாலாவுல மாயன் பழங்குடிப் பொண்ணுங்க ஏழைங்க, ஆனா அவங்களுக்கு கர்ப்ப கால வலிப்பு (ப்ரீஎக்ளாம்சியா முத்தினா வர்றது) ரொம்பக் கம்மி, ஏன்னு பார்த்தா மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவெச்சு சமைக்கறாங்க, அதுல வந்த கால்சியம். 1980ல அதை எழுதினதுக்கப்புறம்தான் மாத்திரை குடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. (இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல சுண்ணாம்பைக் கலக்காதீங்க, மாத்திரை இருக்கு.)

எவ்வளவுன்னா, கால்சியம் கம்மியா சாப்பிடற இடங்கள்ல தினம் 1.5 முதல் 2 கிராம்னு டபிள்யூஹெச்ஓ சொல்லுது, மூணு வேளையா பிரிச்சு. ஆனா பெங்களூர்லயும் தான்சானியாவுலயும் தலா 11,000 பேரை வெச்சு நடத்தினது 2024ல வந்துச்சு, 500 மில்லிகிராம் குடுத்தவங்களுக்கும் 1500 குடுத்தவங்களுக்கும் ப்ரீஎக்ளாம்சியா கிட்டத்தட்ட ஒரே அளவு, பெங்களூர்ல 3.0, 3.6 சதவீதம். அதனால உன் டாக்டர் ஒரு மாத்திரை மட்டும் எழுதினா கம்மியா எழுதிட்டாங்கன்னு நீயா மூணு போடாதே. ஒரு டம்ளர் பால்ல சுமார் 300 மில்லிகிராம் இருக்கும், தயிர், சீஸ், முள்ளோட சாப்பிடற சின்ன மீன், கீரை, எள்ளுல எல்லாம் இருக்கு. அயர்ன் மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா முழுங்காதே, அயர்ன் ஒட்டாது, ரெண்டு மூணு மணி நேரம் தள்ளிப் போடு.

விட்டமின் சி, ஈ வேண்டவே வேண்டாம். 2006ல பிரிட்டன்ல ரிஸ்க் உள்ள 2400 பேருக்கு மேல குடுத்துப் பார்த்தாங்க, தடுக்கவும் இல்ல, எடை கம்மியான குழந்தைங்கதான் கூட வந்துச்சு. பழமா சாப்பிடு, அதுக்கு ஒரு தடையும் இல்ல.

உனக்கு முக்கியமானது சாப்பாடே இல்ல, ஆஸ்பிரின்தான். போன தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர்றதுக்கு ஆறுல ஒரு வாய்ப்பு, சீக்கிரம் டெலிவரி ஆனவங்களுக்கு இன்னும் கூட. 16 வாரத்துக்குள்ள சின்ன டோஸ்ல ஆரம்பிச்சாதான் நல்ல பலன். 2017ல வந்த பெரிய ஆராய்ச்சியில தினம் ராத்திரி 150 மில்லிகிராம் எடுத்தவங்கள்ல 37 வாரத்துக்கு முன்னாடியே ப்ரீஎக்ளாம்சியா வந்தது 1.6 சதவீதம், எடுக்காதவங்கள்ல 4.3. நீ 13 வாரம், சரியான நேரம். ஆனா நீயா மெடிக்கல்ல வாங்கிப் போடாதே, ஆஸ்துமா, அல்சர் இருந்தா வேற கணக்கு.

தனிவழி:
நர்ஸ் அக்கா சொல்றது சரி, ஆனா புரோட்டீனை விட்டுட்டீங்களே. தினம் 80, 100 கிராம் புரோட்டீன், ரெண்டு முட்டை, ஒரு லிட்டர் பால், இப்படி சாப்பிட்டா ப்ரீஎக்ளாம்சியா வரவே வராதுன்னு ப்ரூவர் டயட்னு ஒண்ணு இருக்கு. என் தங்கச்சி அதை ஃபாலோ பண்ணித்தான் சுகமா பெத்தா.

நைட்டூட்டி:
தனிவழி தம்பி, தங்கச்சி நல்லா இருக்கட்டும், ஆனா பத்துல ஒம்போது பேருக்கு எதைச் சாப்பிட்டாலும் இது வர்றதில்லையே, அப்புறம் எப்படி டயட்டுக்குப் பேர் வாங்கித் தர்றது? முட்டையும் பாலும் நல்ல சாப்பாடு, யார் வேண்டாங்கறா. ஆனா அதிக புரோட்டீன் சப்ளிமென்ட் குடுத்துப் பார்த்ததுல அம்மாவுக்கும் லாபமில்ல, குழந்தை சின்னதா பொறக்கற வாய்ப்பு கூடுதுன்னுதான் வந்துச்சு. பவுடர் டப்பாவுக்குச் செலவு பண்ற காசுல ஒரு நல்ல பிபி மெஷின் வாங்கலாம்.

ரெட்டைஜடை:
வெயிட் பத்தியும் சொல்லுங்க அக்கா, எனக்கு அதைத்தான் திட்டினாங்க.

நைட்டூட்டி:
ஆமா, அது உண்மைதான், கர்ப்பமாகறதுக்கு முன்னாடி இருக்கற எடை கூடக் கூட ரிஸ்க் கூடும். ஆனா இப்ப 13 வாரத்துல டயட்டிங் பண்ணக்கூடாது. எடை ஏறறதைக் கட்டுல வெச்சுக்கலாம், டாக்டர் தடுக்கலேன்னா வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கலாம், அது நிஜமாவே உதவும். அதிமதுரம் மட்டும் இருமலுக்குன்னு சேர்க்காதீங்க, அது பிபியை ஏத்தும். மழைத்துளி, இன்னொண்ணு, பின்னாடி எப்பவாவது விடாத தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கறது, நெஞ்சுக்குக் கீழ வலது பக்கம் வலி, முகம் திடீர்னு வீங்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் சாப்பாட்டை யோசிக்காம நேரா ஆஸ்பத்திரி.

மழைத்துளி:
அக்கா ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். நேத்தே போன் பண்ணிட்டேன், வரச் சொல்லிப் பார்த்துட்டு ராத்திரிக்கு ஆஸ்பிரின் 150 எழுதிட்டாங்க, கால்சியம் ரெண்டு வேளை. உப்பைப் பத்திக் கேட்டதும் டாக்டர் சிரிச்சுட்டாங்க. வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டுப் போனது நல்லதாப் போச்சு, நான் சொன்னா நம்பியிருக்க மாட்டாங்க, நேத்து நைட்டு எல்லாரோட சமையலையே எனக்கும் போட்டாங்க, அழுகையே வந்துடுச்சு. ஒரே டவுட், மாத்திரை அட்டையில கால்சியம் கார்பனேட் 1250ன்னு போட்டிருக்கு, டாக்டர் 500ன்னாங்க, மாத்திக் குடுத்துட்டாங்களா?

நைட்டூட்டி:
இல்லம்மா சரிதான். 1250 கார்பனேட்ல நிஜ கால்சியம் 500தான், அட்டையில சின்ன எழுத்துல எலிமென்டல்னு போட்டிருக்கும் பாரு. கார்பனேட்டுன்னா சாப்பாட்டோட போடு. பிபி மெஷின் வாங்கினா கைப்பட்டை சைஸ் பார்த்து வாங்கு, சின்னதா இறுக்கமா இருந்தா நிஜத்தை விடக் கூடக் காட்டி உன்னை ராத்திரி தூங்க விடாது.